சேரியின் வரலாறும் திருச்சபையின் பதிவேடுகளும்

எஸ்றாவின் புத்தகத்தில் ஏடு தேடும் நிகழ்ச்சிகள் இரண்டு உள. இரண்டாம் அதிகாரத்தில், சிறையிருப்பினின்று திரும்பியோருள் சில ஆசாரியக் குடும்பத்தார் தங்கள் வம்ச அட்டவணையைத் தேடுகின்றனர், அது அகப்படவில்லை, ஆகவே ஆசாரிய ஊழியத்தினின்று அவர்கள் விலக்கப்படுகின்றனர். ஆறாம் அதிகாரத்தில், ஆலயம் கட்டும் உரிமை பற்றித் தகராறு எழுந்தபோது, தரியு அரசனின் கட்டளைப்படி பாபிலோனின் ஏட்டு அறைகளில் தேடுகின்றனர். கடைசியில் அக்மேதா அரண்மனையில் ஒரு சுருள் அகப்படுகின்றது. அதில் கோரேசின் கட்டளை எழுதப்பட்டிருந்தமையால், தடுத்தவர்களே உதவவேண்டியவர்களாயினர். ஒரே நூலில் ஏடு ஒரு சாராரை வெளியே நிறுத்துகின்றது. மற்றொரு சாராரின் உரிமையை நிலைநாட்டுகின்றது. வேதபாட வகுப்புகளில் இப்பகுதிகளைப் பெயர்ப்பட்டியல் என்று கருதி விரைந்து கடந்துவிடுவது நம் வழக்கம். அவற்றை நிதானித்து வாசிக்கவேண்டிய காரணம் ஒன்று நமக்கு அண்மையில் நேர்ந்தது.

சென்ற கோடை விடுமுறையில் இறையியல் மாணவர் அறுவரோடு நாம் இடையஞ்சாவடியில் எட்டு நாள் தங்கியிருந்தோம். செம்மண் மேட்டின்மேல் அமைந்த ஊர் அது. கிழக்கே இறங்கினால் கடற்கரைச் சாலை. அச்சாலையில் வடக்கே சென்றால் கழுவெளி ஏரியும் மரக்காணத்து உப்பளங்களும் வரும். பகலில் உப்பளத்துக் குடும்பங்களைச் சந்திப்பதும், மாலையில் ஒரு வரலாற்று நூலை முறைவைத்து வாசிப்பதும் நம் ஏற்பாடு. ரூபா விஸ்வநாத் ஆங்கிலத்தில் எழுதி, 2014ஆம் ஆண்டில் கொலம்பியா பல்கலைக்கழகப் பதிப்பகம் வெளியிட்ட 'தி பரையா பிராப்ளம்' என்பதே அந்நூல். பறையர் 'பிரச்சினை' என்பது அக்காலத்து அதிகாரிகளும் மிஷனெரிமாரும் வழங்கிய சொற்றொடர். அத்தொடரை எவர் உண்டாக்கினர், எதை மறைக்க அது உதவிற்று என்பதே ஆசிரியரின் ஆராய்ச்சிப் பொருள்.

மூன்றாம் நாள், உப்பளத்தில் வேலைசெய்து மூப்படைந்த தாயார் ஒருவர் நம்மிடம் கேட்டார்: "எங்க பாட்டனுக்குக் கெவருமெண்டு நெலம் குடுத்துச்சின்னு சொல்லுவாங்க ஐயரே. அந்தக் காயிதம் நம்ம கோயிலு பொட்டியில இருக்குமா?" மாணவர் நம் முகத்தைப் பார்த்தனர். நம்மிடம் விடை இல்லை. அன்று மாலை நூலை நாம் வாசித்த விதமே மாறிற்று. இம்மதிப்பீடு அக்கேள்வியை மனத்தில் வைத்தே எழுதப்படுகின்றது.

1. நூல் கூறுவது

ஆங்கில ஆட்சியார் 19ஆம் நூற்றாண்டு முழுவதும் நிலத்தைப் பற்றி ஓயாது எழுதினர். நிலம் எவருடையது, வரி செலுத்தக் கடமைப்பட்டவர் எவர், மிராசு உரிமை என்பது யாது என்பனவே அவர்தம் வினாக்கள். இவ்வினாக்களின் அடியில் கேட்கப்படாத வினா ஒன்று கிடந்தது என்கின்றார் ஆசிரியர். தமிழ் மாவட்டங்களில், சிறப்பாகச் செங்கற்பட்டுப் பகுதியில், தரிசு நிலம் ஏராளம். அரிதாயிருந்தது உழைக்கும் ஆளே. ஆகவே ஆளைக் கட்டிவைப்பதே செல்வத்தின் திறவுகோலாயிற்று. சேரியார் சொந்த நிலம் பெற்றால் பண்ணைக்கு எவர் வருவர்? அவர்கள் நிலமின்றி இருந்தமை தற்செயலன்று. அவர்களை நிலமில்லாதவர்களாக வைத்திருக்க முயற்சி தேவைப்பட்டது. அம்முயற்சி இடைவிடாது நடந்தது.

1843ஆம் ஆண்டின் ஐந்தாம் சட்டம் அடிமைத்தனத்திற்குச் சட்டத்தின் ஆதரவை நீக்கிற்று. நாம் வழக்கமாகச் சொல்லும் திருச்சபை வரலாற்றில் அத்தோடு கதை முடிந்துவிடுகின்றது. ஆசிரியரோ அங்கிருந்துதான் தொடங்குகின்றார். சட்டம் மாறிய பின்னும் படியாளின் கடன் மாறவில்லை. அவன் குடிசை நின்ற மனையும் மிராசுதாரருடையதாகவே இருந்தது. எதிர்த்துப் பேசியவனை வயலைவிட்டு மட்டுமன்று, வீட்டைவிட்டும் வெளியேற்றலாம். தரிசு நிலத்திற்கு அவன் விண்ணப்பித்தால் ஊரின் கணக்கரும் மணியக்காரரும் அதை மேலே செல்லவிடார். மேலே இருந்த வெள்ளை அதிகாரிக்கோ வரி வந்தால் போதும்; ஊரின் அமைதி குலையலாகாது. சாதியும் அரசும் இவ்வாறு ஒன்றையொன்று தாங்கிநின்ற பிணைப்பே நூலின் மையக் கருத்தாகும்.

1890களில் இப்பிணைப்பு சற்று வெளிச்சத்திற்கு வந்தது. செங்கற்பட்டு மாவட்டத்தில் ஊழியஞ்செய்த வெஸ்லியன் மிஷனெரி வில்லியம் கௌடியும், ஸ்காட்லாந்து சுயாதீனத் திருச்சபையின் ஆடம் ஆண்ட்ரூவும் சேரி மக்களின் நிலை குறித்து எழுதினர். விண்ணப்பங்களை அதிகாரிகளிடம் கொண்டுசென்றனர். அம்மாவட்டத்தின் கலெக்டர் ட்ரெமென்ஹீர் 1891-இல் செங்கற்பட்டுப் பறையரைப் பற்றிய தம் குறிப்பை அரசுக்கு அனுப்பினார். 1892 செப்டம்பர் 30 அன்று பிறந்த வருவாய்த்துறை ஆணை, நாம் இன்று பஞ்சமி நிலம் என்று வழங்குவதற்கு அடித்தளமாயிற்று. ஆயினும் ஆணை பிறந்ததை வெற்றி என்று ஆசிரியர் கொண்டாடவில்லை. ஆணைக்கும் சேரிக்கும் இடையே எத்தனை மேசைகள் இருந்தன, ஒவ்வொரு மேசையிலும் அது எவ்வாறு தேய்ந்தது என்பதைக் கோப்புக் கோப்பாகக் காட்டுகின்றார். பின்னர் வந்த வீட்டுமனைத் திட்டம், தொழிலாளர் நலத்துறை, 1920களின் சட்டமன்ற விவாதங்கள் ஆகியவற்றின் வழியே அவர் கண்ட முடிவு இது: நிலமும் கூலியும் பற்றிய அரசியல் வழக்கு, மெள்ள மெள்ளத் திருந்தவேண்டிய 'சமூக' வழக்கமாக உருமாற்றப்பட்டது. சமூக வழக்கத்தில் அரசு கைவைக்கலாகாது, மனம் மாறக் காத்திருக்கவேண்டும் என்ற வாதம் அதற்குக் காவலாயிற்று.

2. நோக்கத்தை நிறுத்துப் பார்த்தோம்

ஆயர்களும் இறையியல் மாணவரும் இந்நூலைத் தவறாது வாசிக்கவேண்டும் என்பதற்குக் காரணம், இவ்வுருமாற்றத்தில் நமக்கும் பங்கு உண்டு என்று அது காட்டுவதேயாகும்.

சேரி மக்கள் கூட்டங்கூட்டமாகத் திருச்சபையை நாடி வந்தபோது மிஷனெரிமாருக்கு மகிழ்ச்சியோடு கலக்கமும் உண்டாயிற்று. இவர்கள் ஆத்தும இரட்சிப்புக்காக வருகின்றனரா, அன்றி அரிசிக்காகவும் நிலத்திற்காகவும் வழக்கில் துணைக்காகவும் வருகின்றனரா? 1876 முதல் 1878 வரை நிகழ்ந்த பெரும் பஞ்சத்திற்குப் பின் இவ்வினா மேலும் கூர்மையடைந்தது. பஞ்சக் கிறிஸ்தவர், கஞ்சிக் கிறிஸ்தவர் என்னும் ஏளனச் சொற்கள் சபைக்கு வெளியே மட்டுமன்று, உள்ளேயும் வழங்கின. ஆவிக்குரியது, உலகத்திற்குரியது என்று இரண்டாகப் பிரித்து, வந்தவனின் நோக்கத்தைத் தராசில் வைத்தனர். 1933-இல் வெளிவந்த பிக்கெட்டின் 'இந்தியாவில் கிறிஸ்தவ மக்கள் இயக்கங்கள்' என்னும் ஆய்வுங்கூட, மக்கள் கிறிஸ்தவரான காரணங்களை ஆவிக்குரியவை, உலகியல் சார்ந்தவை, சமூகஞ் சார்ந்தவை, பிறப்பினால் வந்தவை என நால்வகையாகப் பகுத்து எண்ணிற்று. அவ்வாய்வு மக்கள் இயக்கங்களுக்குச் சார்பானது என்பது உண்மையே. எனினும் விசாரணைக் கூண்டில் நின்றவர் சேரியாரே.

இவ்விசாரணையால் விளைந்த தீங்கு யாது? சாதி சமயத்தைச் சார்ந்தது, உள்ளத்தின் இருளைச் சார்ந்தது, ஆகவே உள்ளம் மாறினாலன்றி அது ஒழியாது என்ற கொள்கையை மிஷனெரிமார் நன்னோக்கத்தோடு பரப்பினர். சமயத்தில் தலையிடுவதில்லை என்று 1858-இல் அரசியாரின் பிரகடனம் வாக்களித்த பின்னர், சமயம் என்று பெயரிடப்பட்ட எதிலும் கைவைக்காதிருக்க அரசுக்கு நல்ல சாக்குக் கிடைத்தது. சேரிக்காரன் கேட்டதோ மனையும் கிணறும் கூலியும். நாம் அவனுக்குக் கூறிய விடை மனமாற்றத்தைப் பற்றியதாயிருந்தது. மனமாற்றம் பொய் என்று நாம் கூறவில்லை. கேட்ட கேள்விக்கு அது விடையன்று என்றே கூறுகின்றோம்.

இங்கு வேதத்தின் சாட்சி தெளிவானது. யாத்திராகமம் இரண்டாம் அதிகாரத்தின் இறுதியில் இஸ்ரவேலர் வேலையின் கொடுமையினால் ஓலமிடுகின்றனர். அவ்வோலம் எவரை நோக்கி எழுப்பப்பட்டது என்றுகூட அங்கு சொல்லப்படவில்லை. தேவன் அதைக் கேட்கின்றார். அவர்களின் நோக்கம் ஆவிக்குரியதா, செங்கல் சூளையினின்று தப்புவதா என்று அவர் ஆராயவில்லை. ஐந்தாம் அதிகாரத்தில் அவ்வாராய்ச்சியைச் செய்பவன் பார்வோன்: இவர்கள் சோம்பலாயிருப்பதனாலேயே பலியிடப் போகவேண்டும் என்கின்றனர் என்பது அவன் முடிவு. அடிமையின் பக்திக்கு உள்நோக்கம் கற்பிப்பவனாக எசமானையே வேதம் காட்டுகின்றது. மக்கள் இயக்க வரலாற்றை வகுப்பில் கற்பித்த ஆண்டுகளில் இதை நாம் மாணவர்க்குச் சுட்டிக்காட்டியதில்லை.

3. நூலின் எல்லைகள்

இத்தனை பயனுள்ள நூலிலும் நமக்கு நிறைவு தராத இடங்கள் உண்டு. மூன்றைக் குறிப்பிடுகின்றோம்.

முதலாவது, இந்நூல் பெரும்பாலும் ஆங்கிலத்தில் எழுதப்பட்ட அரசுக் கோப்புகள்மீதும் மிஷனெரி ஆவணங்கள்மீதும் கட்டப்பட்டது. கோப்பின் வரிகளுக்கிடையே சேரியாரின் குரலைக் கேட்க ஆசிரியர் அரிய முயற்சி செய்கின்றார். ஆயினும் அதே பத்தாண்டில் சேரியார் தமிழிலேயே பேசிக்கொண்டிருந்தனர். இரட்டைமலை சீனிவாசன் 1893-இல் 'பறையன்' என்ற இதழைத் தொடங்கினார். அயோத்திதாசப் பண்டிதர் 1907-இல் 'ஒரு பைசாத் தமிழன்' இதழைத் தொடங்கினார். இத்துறையில் ஜெ. பாலசுப்பிரமணியம் தொகுத்தாய்ந்த 'சூரியோதயம் முதல் உதயசூரியன் வரை' என்னும் நூல் 1869 முதல் 1943 வரை வெளிவந்த தலித் இதழ்களை நமக்குக் காட்டுகின்றது. இவ்விரு நூல்களையும் அருகருகே வைத்து வாசித்தாலன்றி, தங்களைப் 'பிரச்சினை' என்று பிறர் எழுதியபோது அம்மக்கள் தங்களை யாதென்று எழுதினர் என்பது விளங்காது.

இரண்டாவது, ஆவி வேறு, பொருள் வேறு என்ற பிரிவினை மிஷனெரிமாரின் கற்பனை என்று ஆசிரியர் நிறுவுகின்றார். நிறுவியபின் பொருளின் பாதையிலேயே முற்றிலும் செல்கின்றார். அப்பிரிவினை பொய்யாயின், நிலம் கேட்டவன் செய்த ஜெபமும் வரலாற்றுக்குரியதன்றோ? நள்ளிரவில் சேரியில் பாடிய பாட்டும், பறையின் முழக்கமும், முதன்முறை ஒரே பாத்திரத்தில் பருகிய அனுபவமும் எங்கே? இக்குறையை நிரப்பும் கடமை இறையியலாரைச் சார்ந்தது. சத்தியநாதன் கிளார்க் 1998-இல் வெளியிட்ட நூலில் பறையையே கிறிஸ்துவை உணரும் அடையாளமாகக் கொண்டு ஆராய்ந்தார். மதுரை இறையியல் கல்லூரியில் கற்பித்து 2005-இல் மறைந்த தியாப்பிலஸ் அப்பாவு, நம்மில் பலர் 'பரட்டை அண்ணன்' என்றே அறிந்தவர், நாட்டுப்புற இசையையும் கூடியுண்ணும் வழக்கத்தையும் வழிபாட்டுக்குள் கொணர்ந்தார். வரலாற்றாசிரியர் விட்ட இடத்தில் இவர்கள் தொடங்கினர் எனலாம்.

மூன்றாவது, நம் தமிழ் நாட்டுத் திருச்சபைகளின் சூழலில் எழுந்த முன்னோடி ஆய்வுகளை மாணவர் மறந்துவிடலாகாது. மதுரையில் வரலாறு கற்பித்த சா. மாணிக்கம், திருச்சி–தஞ்சை அத்தியட்சாதீனத்தில் வெஸ்லியன் மிஷனெரிமாரின் பணியையும் அங்கு நிகழ்ந்த மக்கள் இயக்கத்தையும் ஆராய்ந்து எழுதிய நூல் 1977-இல் ஜெர்மனியில் அச்சாயிற்று. தமிழகத்தில் அடிமைமுறை பற்றிய அவரது நூல் 1982-இல் கிறிஸ்தவ இலக்கியச் சங்க வெளியீடாக வந்தது. மதமாற்றத்தின் சமூகச் சூழல் யாது என்ற வினாவை முதுகலை மாணவர்க்கும் போதகர்க்கும் எழுப்பியவர் அவர். வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தினின்று நூல் வந்தபின்னரே அவ்வினா நமக்குப் புதிதாய்த் தோன்றுமாயின், குறை நூலாசிரியருடையதன்று; நம் நூலகங்களில் படிந்த தூசியினுடையது.

4. உப்பளக் கரையில்

செங்கற்பட்டு நெல் வயலில் கண்ட முடிவு மரக்காணத்து உப்புப் பாத்திக்கும் பொருந்துமா? இவ்வினாவை நம் மாணவர் ஒருவர் எழுப்பினார். நூல் நேரடியாக விடை தராத வினா இது. ஆகவே நல்ல வினா.

நெல் வயலில் மிராசுதாரர் நடுவே நின்றார். உப்பளத்திலோ அரசே நேராக நின்றது. கும்பினியார் 1805-இல் சென்னை மாகாணத்தில் உப்பைத் தங்கள் ஏகபோகமாக்கினர். விளைந்த உப்பைக் குறித்த விலைக்கு அரசிடமே ஒப்படைக்கவேண்டும். அளத்தைச் சுற்றிக் காவல். ஒரு கைப்பிடி அள்ளினும் குற்றம். வடக்கேயிருந்து மரக்காணம் வரை வெட்டப்பட்ட பக்கிங்காம் கால்வாய் இக்கரையைச் சென்னையோடு இணைத்தது. வேறெந்தத் தொழிலையுங் குறித்து இத்துணைக் கோப்புகளை அரசு எழுதியிராது: எத்தனை மணங்கு விளைந்தது, எத்தனை மழையில் கரைந்தது, எவ்வளவு வரி வந்தது என்பதெல்லாம் கணக்கில் உண்டு. பாத்தியில் நின்று உப்பு வாரியவரின் கால் வெடிப்புக்கும் கண் கூச்சத்திற்கும் அங்குக் கலம் இல்லை. 1930-இன் உப்புச் சத்தியாக்கிரகத்தைப் பாடப்புத்தகம் பேசும். 1947-இல் உப்பு வரி நீங்கிற்று. மழை தொடங்கியவுடன் வேலை நின்று, மாதக்கணக்கில் கடன் வாங்கி உண்ணும் வாழ்க்கை நீங்கவில்லை. கடனால் கட்டுண்ட உழைப்பு என்று ஆசிரியர் வயலில் கண்டது இங்கு வேறு உருவில் இருக்கின்றதா என்பதை எவரேனும் ஆராயவேண்டும். எழும்பூரில் 1909-இல் எழுந்த ஆவணக் கட்டடத்தில் வருவாய் வாரியத்தின் ஏடுகள் காத்திருக்கின்றன.

ஆனால் எழும்பூருக்குச் செல்லுமுன் நம் குருமனைப் பெட்டியைத் திறக்கவேண்டும். இப்பகுதியில் நற்செய்திப் பணி செய்தவர் பலர். அமெரிக்க ஆற்காடு மிஷன் திண்டிவனத்தில் நிலையம் அமைத்திருந்தது. தென்னாற்காட்டின் பிற பகுதிகளில் 1860கள் முதல் டேனிஷ் மிஷன் உழைத்தது. அவர்கள் வழிவந்த சபைகளில் ஞானஸ்நானம், விவாகம், அடக்கம் ஆகியவற்றின் பதிவேடுகள் எழுதப்பட்டன. சேரியில் பிறந்த ஒரு குழந்தையின் பெயரும், அதன் தாயின் பெயரும், ஊரும், நாளும் ஒரே வரியில் எழுதப்பட்ட முதல் ஏடு பல ஊர்களில் இதுவாகவே இருந்திருக்கும்.

இங்கு நம்மைக் குறித்து ஓர் உண்மையைச் சொல்லவேண்டும். ஞானஸ்நானப் பதிவேட்டில் பெற்றோரின் தொழில் என்று ஒரு கலம் உண்டு. இடையஞ்சாவடியினின்று திரும்பியபின், இளம் போதகராக நாம் ஊழியஞ்செய்த ஒரு சேகரத்திற்குச் சென்று, நம் கையெழுத்தில் உள்ள ஏட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தோம். பக்கந்தோறும் அக்கலத்தில் 'கூலி' என்றே எழுதியிருந்தோம். ஏர் உழுதவனும் கூலி; கல் உடைத்தவளும் கூலி; பண்ணையில் ஆண்டுக்கணக்கில் கடனுக்கு இருந்தவனும் கூலி. முதல் வரியில் கூலி என்று எழுதிவிட்டு, கீழே வரிவரியாக மேற்படிக் குறி இட்ட பக்கங்களும் இருந்தன. எவரும் நம்மை அவ்வாறு எழுதச் சொல்லவில்லை. நேரம் இல்லை என்பதும் காரணமன்று. கேட்கத் தோன்றவில்லை. ஆங்கில அதிகாரியின் கோப்பில் சேரியார் ஒரே நிறமாய்க் கரைந்தனர் என்று அந்நூலை வாசித்து நாம் வருந்தினோம். அதே வேலையை நம் பேனாவும் செய்திருந்தது. அதற்கு முந்தைய தொகுதி எங்கே என்று கேட்டபோது, கறையான் அரித்துவிட்டமையால் குப்பையோடு எரித்துவிட்டதாகச் சொன்னார்கள். நாம் அச்சேகரத்தில் இருந்த காலத்திலேயே அத்தொகுதி கூரை ஒழுகும் அறையில் கிடந்தது. அதை எடுத்து வேறிடத்தில் வைக்க நமக்கு அரைமணி நேரமே ஆகியிருக்கும்.

5. ஏடு எவர் பக்கம் சாட்சி சொல்லும்?

ஏட்டைக் காப்பது எப்பொழுதும் நன்மையே என்று இங்கு முடித்துவிடுவது எளிது. நாம் அவ்வாறு முடிக்க இயலாது. எஸ்றாவின் இரண்டு தேடல்களும் இன்றும் நடந்துகொண்டிருக்கின்றன.

அக்மேதாவின் சுருளைப் போன்றது 1892ஆம் ஆண்டின் ஆணை. ஒரு நூற்றாண்டு கழித்துத் தலித் இயக்கத்தார் அவ்வரலாற்றைத் தேடியெடுத்து நிலம் எங்கே என்று கேட்டனர். 1994-இல் செங்கற்பட்டுப் பகுதியின் காரணைப் பஞ்சமி நில மீட்புப் போராட்டத்தின்போது காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் இருவர் உயிரிழந்தனர். கோரேசின் சுருள் ஆலயத்தைக் கட்ட உதவிற்று. இச்சுருளுக்கு மனித உயிர் விலையாயிற்று. ஆவணம் கற்றோரின் பொழுதுபோக்கு என்று எண்ணுவோர் இதைச் சிந்திக்கவேண்டும். அன்றியும், 2013 ஏப்ரல் 25 அன்று மரக்காணத்தில் தலித் மக்களின் வீடுகள் தீக்கிரையாயின. ஓலைக் கூரை பற்றும்போது முதலில் சாம்பலாவது காகிதமே: பட்டா, பள்ளிச் சான்று, குடும்ப அட்டை. ஏழையின் வீடு ஏட்டைக் காக்கும் வலிமையற்றது. கல்லால் கட்டிய ஆலயத்தின் இரும்புப் பெட்டி அவ்வேழைக்காகத் திறந்திருக்கவேண்டாவா?

ஆனால் அதே பெட்டியிலுள்ள ஏடு அவ்வேழைக்கு எதிராகவும் எழுந்து நிற்கின்றது. 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை, கிறிஸ்தவரான தலித்துகளைப் பட்டியல் சாதியினின்று விலக்கிற்று. சீக்கியர் 1956-இலும் பௌத்தர் 1990-இலும் சேர்க்கப்பட்டனர். கிறிஸ்தவர் வெளியே நிற்கின்றனர். 2024 நவம்பரில், இக்கரையை அடுத்த புதுச்சேரியினின்று சென்ற ஒரு வழக்கில், பட்டியல் சாதிச் சான்று கோரிய பெண்மணியின் கோரிக்கையை உச்ச நீதிமன்றம் மறுத்தது. அவர் ஞானஸ்நானம் பெற்றிருந்தமை அங்குச் சான்றாகக் கொள்ளப்பட்டது. நம் சபை மக்கள் இதை அறியாதவரல்லர். பிள்ளைக்குப் பள்ளியில் ஒரு பெயர், ஆலயத்தில் ஒரு பெயர் என்று வைப்பதும், 'ஏட்டுல மட்டும் எழுதிடாதீங்க ஐயரே' என்று மெல்லச் சொல்வதும் எந்த ஆயருக்குத் தெரியாது? அவர்களைக் கோழைகள் என்றும் இரட்டை வேடத்தார் என்றும் மேடையில் கடிந்துகொள்வது மீண்டும் நோக்கத்தைத் தராசில் வைப்பதேயாகும். சாதி சமயத்தின் காரியம், சமயம் மாறினால் சாதி போயிற்று என்று அன்று நம்மவர் சொன்ன வாதத்தையே இன்று சட்டம் நமக்குத் திருப்பிச் சொல்கின்றது. விஸ்வநாத்தின் நூல் கடந்த காலத்தைப் பற்றியது என்று எவரும் கருதவேண்டா.

ஆகவே நாம் செய்யத்தக்கது யாது? இவ்விதழை வாசிக்கும் ஆயர்களுக்கும் மாணவருக்கும் சிலவற்றைப் பணிவுடன் முன்வைக்கின்றோம். பழைய ஏடுகளைக் கறையானுக்கும் ஈரத்திற்கும் விடாது, படி எடுத்து, பெங்களூரு ஐக்கிய இறையியல் கல்லூரியின் ஆவணக் காப்பகம் போன்ற இடங்களின் ஆலோசனையோடு காக்கவேண்டும். தொழில் என்ற கலத்தில், உப்பளத்தில் வேலைசெய்பவரை உப்பளத் தொழிலாளி என்றே, அவரைக் கேட்டு எழுதவேண்டும். ஏட்டைக் காண உரிமையுடைய முதல் நபர் ஆராய்ச்சியாளர் அல்லர், அதில் பெயருள்ள குடும்பத்தார் என்பதை விதியாகக் கொள்ளவேண்டும். அவர்களின் இசைவின்றி எப்பக்கமும் வெளியே செல்லலாகாது. மாணவர் தம் பட்டத்திற்கான ஆய்வேட்டை ஆங்கிலத்தில் எழுதினும், எவ்வூரைப் பற்றி எழுதினரோ அவ்வூரில் தமிழில் அதை வாசித்துக் காட்டவேண்டும். தவறென்று ஊரார் சொல்லும் இடத்தைத் திருத்தாத ஆய்வுக்கு மதிப்பெண் வழங்கலாகாது என்பது நம் எண்ணம்.

அத்தாயாருக்கு நாம் இன்னும் முழு விடை கூறவில்லை. திரும்பிய மாதத்தில் நம் மாணவர் இருவர் அவருடைய பாட்டனாரின் பெயரையும் ஊரையும் எழுதிக்கொண்டு, முதலில் வட்டாட்சியர் அலுவலகத்திற்கும் பின்னர் எழும்பூருக்கும் சென்றனர். கோப்பு எண் இன்றித் தேடுவது கடினம் என்பதைக் கற்றுவந்தனர். பாபிலோனில் தேடத் தொடங்கிய சுருள் அக்மேதாவில் அகப்பட்டது என்பதை நினைவூட்டி, மறுபடியும் அனுப்பியுள்ளோம். இவ்வாண்டு திருச்சபை வரலாற்றுப் பாடத்தில் அவ்விருவருக்கும் தேர்வுக் கட்டுரைக்குப் பதிலாக அத்தேடலின் அறிக்கையையே கேட்டிருக்கின்றோம். அறிக்கையை முதலில் செவிமடுக்கவேண்டியவர் உப்பளத்தில் இருக்கின்றார். நாம் அவருக்குப் பின்னரே வாசிப்போம்.